வேண்டாம் என்றவர்களின் பட்டியல்

வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் அனுப்பும் வேலையில் இருக்கிறவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு, பதில்கள் வந்து விழும் பெட்டி. நானும் பல மாதங்களாகப் பார்த்ததில்லை. எத்தனை அனுப்பினோம், எத்தனை போய்ச் சேர்ந்தது, எத்தனை பேர் லிங்கைத் தட்டினார்கள், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. ஒரு திங்கட்கிழமை காலை வேறு எதையோ தேடப்போய் அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டேன். நாற்பது பேரின் பதில்கள் இருந்தன. "ஸ்டாப்". "ஸ்டாப்". "நிறுத்துங்க ப்ளீஸ்". "யார் நீங்க?" "போன வருஷமே வேண்டாம்னு சொல்லிட்டேனே". ஒருவர் அதே ஸ்டாப்பை ஐந்து தடவை அனுப்பியிருந்தார், ஒவ்வொரு தடவையும் கடைசி எழுத்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்து.

மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை, அந்த "போன வருஷமே" தான் உறுத்தியது. பழைய பதிவுகளைத் தோண்டினேன். அவர் சொன்னது உண்மை. போன வருஷமே ஸ்டாப் அனுப்பியிருக்கிறார், அதன்பிறகு அவருக்கு ஒரு மெசேஜும் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் திடீரென்று மறுபடியும் போக ஆரம்பித்திருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நாங்கள் மெசேஜ் அனுப்பும் சேவையை மாற்றியிருந்தோம். பழைய சேவையில் யாராவது ஸ்டாப் என்று அனுப்பினால் அதுவே அந்த எண்ணைத் தடுத்து வைத்துக்கொள்ளும், நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் அந்தத் தடைப் பட்டியல் முழுக்க அவர்களிடமே கிடந்தது, எங்கள் டேட்டாபேஸில் ஒரு வரிகூட இல்லை. புது சேவைக்குப் போகும்போது எங்களிடம் இருந்த வாடிக்கையாளர் எண்களை எக்செல்லில் இறக்கி அப்படியே ஏற்றினோம். அவ்வளவுதான், வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லாரும் ஒரே நாளில் மறுபடியும் "சந்தாதாரர்" ஆகிவிட்டார்கள். இறக்கியது நான், ஏற்றியதும் நான்.

விஷயத்தை மேலாளரிடம் சொன்னபோது அவர் நல்ல மனதோடுதான் கேட்டார்: "சரி, அந்த நம்பர்களுக்கெல்லாம் ஒரு சாரி மெசேஜ் போட்டுடலாமே?" எனக்கும் ஒரு நொடி அது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம்தான் உறைத்தது, வேண்டாம் என்று சொன்னவருக்கு மன்னிப்பு கேட்டு அனுப்புவதும் இன்னொரு மெசேஜ்தானே. பிரிட்டனில் ஃப்ளைபி என்ற விமான நிறுவனம் 2016 ஆகஸ்டில் "உங்கள் விவரங்கள் சரியாக உள்ளனவா?" என்று கேட்டு 33 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்களை அனுப்பியது, அதுவும் விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கனவே சொல்லியிருந்தவர்களுக்கு. விவரம் சரிபார்ப்பதுதானே, விளம்பரமா என்ன, என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகம் அப்படி நினைக்கவில்லை, 2017 மார்ச்சில் 70,000 பவுண்டு அபராதம் போட்டது. அது மின்னஞ்சல், இது குறுஞ்செய்தி, ஆனால் அங்கே இரண்டுக்கும் ஒரே விதிதான். ஆகவே சாரி மெசேஜ் போகவில்லை. எண்களைத் தடுத்தோம், எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில் போனது.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு நாட்டு விதியாகப் படித்தேன். எங்களுக்கு நாலைந்து நாடுகளில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அனுப்புகிறவர் எங்கே இருக்கிறார் என்பதை வைத்து மட்டும் இந்த விதிகள் நிற்பதில்லை, வாங்குகிறவர் இருக்கும் நாட்டின் விதி நம்மைத் தேடி வரும். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகியது. "சரி அனுப்புங்க" என்பதைக் கேட்டு வாங்க எல்லாரும் நேரம் செலவழிக்கிறோம், அதற்காக அழகான படிவம், பாப்அப், தள்ளுபடி எல்லாம் வைக்கிறோம். "வேண்டாம்" என்பதை வாங்கிவைக்க ஒரு ஆளும் இல்லை. நான் படித்தவரையில் சட்டங்கள் கறாராக இருப்பதோ அந்த இரண்டாவதில்தான்.

ஆஸ்திரேலியாவில் ஸ்பேம், அதாவது கேட்காமல் வந்து விழும் விளம்பரச் செய்திகள் பற்றிய 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டாம் என்று சொன்ன பிறகு ஐந்து வேலை நாட்களுக்குள் நிறுத்தியாக வேண்டும். கனடாவில் பத்து வேலை நாள். அமெரிக்காவிலும் இப்போது அதிகபட்சம் பத்து வேலை நாள்தான், 2025 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் இருக்கும் விதி அது. அந்த அமெரிக்க விதியில் இன்னொன்று இருக்கிறது. ஸ்டாப், க்விட், எண்ட், கேன்சல், அன்சப்ஸ்கிரைப் மாதிரி சில சொற்களை அவர்களே பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டு, இதைத் தவிர வாடிக்கையாளர் நியாயமான எந்த வழியில் சொன்னாலும் அது செல்லும் என்கிறார்கள். இந்த இடத்தில்தான் எங்களுடைய இரண்டாவது ஓட்டை தெரிந்தது. எங்கள் புது மென்பொருளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல், அதுவும் மெசேஜில் அந்தச் சொல் தனியாக இருந்தால்தான். "நிறுத்துங்க ப்ளீஸ்" என்பது அதற்குச் சும்மா ஒரு பதில், ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த வாரமும் அனுப்பும். ஆக மரியாதையாகக் கேட்டவருக்குத் தொடர்ந்து மெசேஜ், முறைத்துக்கொண்டு ஒற்றைச் சொல்லில் கேட்டவருக்கு விடுதலை.

அமெரிக்காவில் டிசிபிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் 1991ஆம் ஆண்டுத் தொலைபேசி வாடிக்கையாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்கு போட்டால் ஒரு மெசேஜுக்கு 500 டாலர், தெரிந்தே செய்தது என்றால் 1,500 டாலர் வரை. ஒரு ஆளுக்கு இல்லை, ஒரு மெசேஜுக்கு. நாற்பது பேருக்கு இரண்டு மெசேஜ் போயிருந்தால் என்ன என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டேன். 40,000 டாலர், அதுவும் குறைந்தபட்ச விலையில். எங்கள் நாற்பது பேரும் அமெரிக்காவில் இல்லை என்பது ஒரு ஆறுதல். கனடாவில் இருந்த சிலரைப் பற்றி யோசித்தபோது அந்த ஆறுதலும் போய்விட்டது, அங்கே 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஸ்பேம் எதிர்ப்புச் சட்டத்தில் நிறுவனங்களுக்கு உச்ச அபராதம் ஒரு மீறலுக்கு ஒரு கோடி கனடிய டாலர். உச்சத்தைப் போட மாட்டார்கள்தான். இருந்தாலும் அந்த எண்ணைப் படித்தபின் மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

சம்மதம் பற்றியும் சொல்லவேண்டும், எல்லாம் அங்கிருந்துதானே தொடங்குகிறது. எண் நம்மிடம் இருக்கிறது என்பதாலேயே அனுப்பலாம் என்று ஆகிவிடாது. பொருளைக் கொண்டுவந்து கொடுப்பதற்காக ஒருவர் எண் தந்தால், வண்டி வருவதைச் சொல்லத்தான் தந்திருக்கிறார். ஐரோப்பாவில் முன்னாலேயே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதமாகாது, 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் விளம்பர மெசேஜுக்குச் சம்மதம் தந்தால்தான் பொருள் விற்பேன் என்று நிபந்தனை போட முடியாது. கனடாவில் நம்மிடம் ஏதாவது வாங்கியவரின் சம்மதத்தை "இருப்பதாக" எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஆயுள் இரண்டு வருஷம், விசாரித்துவிட்டுப் போனவர் என்றால் ஆறே மாதம். சம்மதத்துக்குக் காலாவதி தேதி உண்டு என்பதே எங்கள் அலுவலகத்தில் பலருக்குப் புதுச் செய்தி.

கேட்டால் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. இவர் எப்போது சம்மதித்தார், எந்தப் பக்கத்தில், அந்த நாளில் அந்தப் பக்கத்தில் டிக் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருந்த வாசகம் என்ன? எங்களிடம் எப்போது என்பதற்கு விடை இருந்தது, மற்ற இரண்டுக்கும் இல்லை. இணையதளத்தை மூன்று தடவை மாற்றி வடிவமைத்திருந்தோம், பழைய வாசகங்கள் போன இடம் தெரியவில்லை. இப்போது அந்த வாசகத்துக்கே ஒரு பதிப்பு எண் கொடுத்து, ஒவ்வொரு சம்மதத்தோடும் அந்த எண்ணையும் சேர்த்துப் பதிகிறோம். செய்ய அரை நாள்கூட ஆகவில்லை, அதுதான் கோபமே.

அடுத்தது, எல்லா நிறுவனங்களும் கொஞ்சமாவது செய்கிற ஒரு சின்னக் கள்ளத்தனம். "உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது" என்பது சேவைச் செய்தி, அதை வாடிக்கையாளரே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அதன் வாலில் "அடுத்த ஆர்டருக்கு 10% தள்ளுபடி" என்று ஒட்டிவிட்டால்? ஒட்டுகிறவருக்கு அது ஒரு வரி. விதிக்கு அது விளம்பரம், மெசேஜ் முழுவதுமே விளம்பரத்தின் கட்டுப்பாட்டுக்குள் போய்விடும், அதற்கான சம்மதம் தனியாக இருந்தாக வேண்டும். விற்பனைப் பிரிவோடு எனக்கு நடக்கும் சண்டைகளில் பாதி இந்த வால் பற்றியதுதான். "ஒரு வரிதானே" என்பார்கள். ஆமாம், ஒரு வரிதான், அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

இந்தச் சண்டையை இந்தியாவில் விதியே தீர்த்துவைத்துவிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, அனுப்பும் நிறுவனம் டிஎல்டி எனப்படும் பதிவுத் தளத்தில் முதலில் தன்னைப் பதிய வேண்டும், அப்புறம் ஹெடர் எனப்படும் அனுப்புநர் பெயரை, அப்புறம் ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும். பெயர், தொகை, ஆர்டர் எண் மாதிரி மாறும் இடங்களை மட்டும் காலியாக விட்டு, மற்ற வாசகத்தை எழுத்துக்கு எழுத்து பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். அனுப்பும்போது வாசகம் டெம்ப்ளேட்டோடு பொருந்தாவிட்டால் மெசேஜ் போகாது. 2024 அக்டோபர் முதல் லிங்குகளையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், பதியாத லிங்க் இருந்தாலும் போகாது. 2025 திருத்தத்துக்குப் பிறகு ஹெடரின் கடைசியில் பி, எஸ், டி, ஜி என்று ஒரு எழுத்து சேர்ந்துகொண்டது, விளம்பரமா, சேவையா, பரிவர்த்தனையா, அரசுச் செய்தியா என்று வாங்குகிறவருக்கே தெரிந்துவிடும். ஒரு முற்றுப்புள்ளியை மாற்றிவிட்டு ஏன் போகவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான், டிஎல்டியைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் தள்ளுபடி வாலை ஒட்ட விடாத ஒரே தளம் அதுதான் என்பதால் மனதுக்குள் ஒரு பிரியமும் உண்டு.

நேரம். அமெரிக்காவில் விற்பனை நோக்கத்தோடு தொடர்புகொள்வது காலை 8 முதல் இரவு 9 வரை, ஃப்ளோரிடா மாநிலத்தில் இரவு 8 மணியோடு கடையைச் சாத்திவிட வேண்டும். யாருடைய கடிகாரப்படி என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள், வாங்குகிறவருடைய கடிகாரப்படி. எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்து ஊரைக் கணிப்பது அவ்வளவு நம்பகமில்லை, எண்ணைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விடுகிறார்கள். போதாக்குறைக்கு ஃப்ளோரிடாவுக்குள்ளேயே இரண்டு நேர மண்டலம். நாங்கள் இதில் மூளையைச் செலவழிக்காமல் எல்லா மண்டலத்துக்கும் ஒத்துவரும் நடு மதியத்தில் மட்டும் அனுப்புகிறோம். விற்பனை குறைந்த மாதிரி தெரியவில்லை.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துகள் என்றால் அதில் 160 போகும். தமிழ் வந்தால், எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடு முறைக்கு மாறி 70 ஆகிவிடும். ஆங்கில மெசேஜிலேயே வேர்டில் இருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறி ஒன்று நுழைந்துவிட்டாலும் போதும், மொத்தமும் 70க்கு இறங்கிவிடும். தமிழில் எண்ணுவதும் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இல்லை. "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு, புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. "நன்றி" நமக்கு மூன்று, அதற்கு ஐந்து.

இப்போது நிறுத்தும் வழியைச் சொல்லும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "வேண்டாம் என்றால் ஸ்டாப் என்று பதில் அனுப்பவும்". எண்ணிப் பாருங்கள், இடைவெளிகளோடு 46. ஸ்டாப்பை ஆங்கில எழுத்திலேயே வைத்தாலும் 44. எழுபதில் 44 இதற்கே போனால் சொல்ல வந்ததைச் சொல்ல 26 எழுத்துதான் மிச்சம், "உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது" என்பதே 28. எழுபதைத் தாண்டினால் மெசேஜ் துண்டாகும், துண்டுகளைச் சேர்த்து ஒட்டும் தகவலுக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டிலும் 67தான் கொள்ளும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. ஆகவே செலவைக் குறைக்கச் சொன்னதும் முதலில் கத்தரி விழுவது அந்த வரி மேல்தான். எங்களிடமும் விழுந்திருக்கிறது. நான் வருவதற்கு முன்னால் யாரோ தமிழ் மெசேஜ்களில் மட்டும் அந்த வரியை எடுத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. தமிழில் படிக்கிறவருக்கு நிறுத்தும் வழியே சொல்லப்படவில்லை. இப்போது "நிறுத்த:" என்று போட்டுப் பக்கத்தில் ஆங்கிலத்தில் அந்தச் சொல், மொத்தம் 13தான். கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

இன்னொன்று, அனுப்புநர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வைத்து அனுப்பும் மெசேஜுக்குப் பதிலே அனுப்ப முடியாது. எண்ணிலிருந்து போனால்தான் பதில் திரும்பி வரும். எழுத்தில் அனுப்புநர் பெயர் போட்டுவிட்டுக் கீழே "ஸ்டாப் என்று பதில் அனுப்பவும்" என்று எழுதுவது கதவு இல்லாத சுவரில் "இப்படி வரவும்" என்று அம்புக்குறி போடுகிற வேலை. நாங்கள் அதையும் செய்திருக்கிறோம். அங்கெல்லாம் லிங்கோ தனி எண்ணோ கொடுக்க வேண்டும், லாகின் கேட்காத லிங்க்.

சிங்கப்பூர் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், எங்கள் மானம் போன கதை. அங்கே 2023 ஜனவரி 31 முதல் பதிவு செய்யாத அனுப்புநர் பெயரில் போகும் மெசேஜ்கள் எல்லாம் "லைக்லி ஸ்கேம்", அதாவது மோசடியாக இருக்கலாம் என்ற தலைப்பின்கீழ்தான் போய் இறங்கும். பதியாமல் அனுப்பினோம். ஆர்டர் கிளம்பிவிட்டது என்ற மெசேஜ், மேலே மோசடி முத்திரை. ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "இது நீங்கதானா?" என்று கேட்டிருந்தார். நாங்கள்தான்.

இதெல்லாம் ஆன பிறகு என்ன மாற்றினோம் என்று ஒரு நண்பர் கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை. வேண்டாம் என்றவர்களின் பட்டியல் இப்போது எங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது, எண், தேதி, எந்த வழியாகச் சொன்னார், அவர் எழுதிய வார்த்தை, நாலே நாலு நெடுவரிசை. எந்தச் சேவை வழியாக எதை அனுப்பினாலும் முதலில் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கழித்த பிறகுதான் போகும். வாடிக்கையாளர் தானாக வந்து மறுபடியும் சம்மதித்தால் ஒழிய அந்தப் பட்டியலிலிருந்து ஒரு எண்ணை எடுக்கும் பொத்தான் யாருக்கும் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான். மென்பொருளுக்குப் புரியாத பதில்களைத் திங்கள் புதன் வெள்ளி உட்கார்ந்து நான் படிக்கிறேன். "போதும்", "விடுங்கப்பா", கும்பிடு போடும் எமோஜி, எல்லாமே வேண்டாம்தான். "அட போங்கப்பா" என்று ஒன்று வந்தது, அதை ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு வேண்டாம் பக்கமே போட்டேன்.

நேற்று வந்தவற்றில் ஒன்று மறுபடியும் "யார் நீங்க?" டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தால், இடம் போதவில்லை என்று நிறுவனத்தின் பெயரையே எடுத்திருக்கிறோம். திரும்பச் சேர்த்தேன். 74 வருகிறது. இரண்டு துண்டு, இரண்டு காசு. விற்பனைப் பிரிவிலிருந்து இன்னும் யாரும் கவனிக்கவில்லை.